ஏற்கப்படாமல் எஞ்சும் கொடை

தமிழகத்துப் புராட்டஸ்டண்ட் சபைகளின் வழக்கில் இரட்சிப்பு பெரும்பாலும் ஒரு தேதியோடு சேர்த்தே பேசப்படுகிறது. எழுப்புதல் கூட்டங்களிலும் உபவாச ஜெபங்களிலும் சாட்சி சொல்ல எழுந்து நிற்பவர் தாம் இன்ன ஆண்டில், இன்ன ஊரில், இன்ன ஊழியரின் செய்தியைக் கேட்டு இரட்சிக்கப்பட்டதாகக் கூறுவதும், கேட்போர் அந்நாளையே அவருடைய ஆவிக்குரிய பிறந்தநாளாகக் கொண்டு ஸ்தோத்திரம் சொல்வதும் சபை வாழ்வின் இயல்பான பகுதிகளாகிவிட்டன. பாவத்தின் தண்டனையிலிருந்தும் அதன் ஆளுகையிலிருந்தும் மனிதரை விடுவித்துக் கடவுள் தம்மோடு ஒப்புரவாக்கிக்கொள்ளும் செயலே இரட்சிப்பு எனப்படுவது. கத்தோலிக்கத் திருச்சபை இதையே மீட்பு என வழங்குகிறது. இச்செயல் ஒருவருடைய வாழ்வில் எப்போதோ ஒரு நாளில் தொடங்கத்தான் வேண்டும் என்பதால், அந்நாளை நினைவில் வைத்துப் போற்றுவதில் குறைகாண ஏதுமில்லை. ஆனால் கொடை வந்து சேர்ந்த நாளிலேயே அது முழுமையாக ஏற்கப்பட்டும் விட்டது என்று எண்ணிக்கொள்ளும்போது, ஏற்றல் என்பது வாழ்நாள் முழுவதும் நீள வேண்டிய ஒரு செயல் என்பது மறைந்துபோகிறது. அதனால் திருச்சபை தன் வரலாற்றில் கொடுத்திருக்கும் விலை சிறியதன்று.

பவுல் அப்போஸ்தலன் எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், இரட்சிப்பு மனிதரின் செயல்களால் ஈட்டப்படுவதன்று, கிருபையினால், அதாவது தகுதி பாராமல் கடவுள் காட்டும் தயவினால், விசுவாசத்தின் வழியாக வந்தடையும் ஈவு என்று வலியுறுத்திய கையோடு, அடுத்த வசனத்திலேயே நற்செயல்களில் நடப்பதற்காகவே மனிதர் கிறிஸ்துவுக்குள் படைக்கப்பட்டிருக்கின்றனர் என்றும் கூறுகிறார். பிலிப்பியருக்கு எழுதுகையில் இன்னும் ஒரு படி மேலே சென்று, தங்கள் இரட்சிப்பு நிறைவேற அச்சத்தோடும் நடுக்கத்தோடும் உழைக்குமாறு கேட்டுக்கொண்டு, அவ்வாறு உழைப்பதற்கான விருப்பத்தையும் ஆற்றலையும் உள்ளிருந்து உண்டாக்குபவர் கடவுளே என்று முடிக்கிறார். பின்னாளைய இறையியலாளர்கள் இவ்விரு முனைகளையும் பிரித்து அறிவதற்காக, கடவுள் ஒருவரைக் குற்றமற்றவராக ஏற்றுக்கொள்வதை நீதிமானாக்கப்படுதல் என்றும், அப்படி ஏற்கப்பட்டவரின் உள்ளமும் நடத்தையும் நாள்தோறும் கிறிஸ்துவின் சாயலுக்கு மாறிவருவதைப் பரிசுத்தமாக்கப்படுதல் என்றும் வகுத்தனர். முதலாவது நிறைவுற்ற தீர்ப்பு, இரண்டாவது முடிவுறாத வளர்ச்சி என்ற இப்பாகுபாடு பயனுள்ளதே. எனினும் விசுவாசத்தினால் மட்டுமே நீதிமானாக்கப்படுதல் என்ற கொள்கைக்குத் தம் பெயராலேயே அடையாளமாகிவிட்ட மார்ட்டின் லூத்தர், 1517இல் வெளியிட்ட தொண்ணூற்றைந்து கருத்துரைகளின் முதலாவதிலேயே விசுவாசியின் முழு வாழ்வும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்றே கூறியிருந்தார் என்பதை அவர் வழிவந்த சபைகள் போதிய அளவு நினைத்துப் பார்ப்பதில்லை.

ஏற்பதில் நேரும் குறை இரண்டு வகைப்படும். கொடையைக் கடனாகக் கருதி, காணிக்கையாலும் பொருத்தனையாலும் உபவாச நாட்களின் எண்ணிக்கையாலும் அதைத் திருப்பிச் செலுத்த முயல்வது ஒரு வகை. கொடையை வாங்கிக்கொண்டு, வாழ்வின் சில பகுதிகளை மட்டும் அது தொடாதபடி காத்துக்கொள்வது மற்றொரு வகை. ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர் 1937இல் வெளியிட்ட நூலில் மலிவான கிருபை என்று கடிந்துகொண்டது இந்த இரண்டாவதையே. மேலோட்டமாகப் பார்க்கையில் முதலாவது மிகையான பக்தியாகவும் இரண்டாவது அலட்சியமாகவும் தோன்றினாலும், இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை என்பதை மத்தேயு நற்செய்தியின் பதினெட்டாம் அதிகாரத்தில் வரும் கடன்காரன் உவமை காட்டுகிறது.

அவ்வுவமையில் ஊழியன் ஒருவன் தன் அரசனுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருக்கிறான். ஒரு தாலந்து சுமார் ஆறாயிரம் வெள்ளிக்காசு. ஒரு வெள்ளிக்காசு ஒரு கூலியாளின் ஒருநாள் ஊதியம். எனவே அவன் கடன் ஆறு கோடி நாட்களின் கூலிக்குச் சமம். எத்தனை தலைமுறை உழைத்தாலும் அடையாத தொகை. அவன் அரசனின் காலில் விழுந்து கேட்பது தவணை மட்டுமே; எல்லாவற்றையும் செலுத்தித் தீர்ப்பதாக வாக்குக் கொடுக்கிறான். அரசனோ அவன் கேட்டதைக் கொடுக்காமல் கேளாததைக் கொடுக்கிறார்: கடன் முழுவதையும் தள்ளுபடி செய்கிறார். வெளியே வந்த அவன், தனக்கு நூறு வெள்ளிக்காசு தர வேண்டிய உடன்ஊழியனின் குரல்வளையை நெரிக்கிறான். இதை நன்றிகெட்டதனம் என்று மட்டும் விளக்கிவிட்டுப் போவது வழக்கம். ஆனால் அவன் நடத்தையைக் கூர்ந்து நோக்கினால், தவணை கேட்டவன் தவணை பெற்றவனாகவே வெளியேறியிருக்கிறான் என்பது புலப்படும். தள்ளுபடி செய்யப்பட்டது என்ற செய்தி அவன் காதில் விழுந்ததேயன்றி அவனுக்குள் இறங்கவில்லை. இன்னும் கட்ட வேண்டியிருக்கிறது என்று நம்புகிறவனே நூறு காசுக்காக ஒருவனின் கழுத்தைப் பிடிப்பான். மன்னிப்பை ஏற்றுக்கொள்ளாதவனால் மன்னிக்க முடிவதில்லை. கடனைத் திருப்பிக் கட்ட முனைபவரும் பிறரிடம் இரக்கமற்று நடப்பவரும் ஒரே ஆள்தான் என்பதை இயேசுவின் இந்தக் கதை இரண்டே காட்சிகளில் நிறுவிவிடுகிறது.

இவ்வுண்மையை ஒரு மனிதரின் முழு வாழ்விலும் வைத்துப் பார்க்க விரும்புவோர்க்கு ஜான் நியூட்டனின் வரலாற்றைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. 1725இல் லண்டனில் பிறந்து, சிறுவயதிலேயே கடலோடியாகி, கடற்படையில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டு, தப்பியோட முயன்று கசையடிபட்டு, மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் ஓர் அடிமை வணிகரிடம் பணியாளாகி, அங்கே நோயிலும் பட்டினியிலும் ஏறத்தாழ அடிமையைப் போலவே வதைபட்டவர் அவர். தாயகம் திரும்பும் வழியில், இன்றைய நாட்காட்டிப்படி 1748 மார்ச் 21 அன்று, அவர் பயணம் செய்த 'கிரேஹவுண்ட்' என்ற கப்பல் வட அட்லாண்டிக்கில் புயலில் சிக்கி நீர் புகுந்தபோது, நம்பிக்கையை ஏளனம் செய்வதையே வழக்கமாகக் கொண்டிருந்த அவர் வாயிலிருந்து கடவுளின் இரக்கத்தை வேண்டும் சொல் வெளிப்பட்டது. அந்நாளை அவர் தம் வாழ்நாள் முழுவதும் ஆண்டுதோறும் நினைவுகூர்ந்து நன்றி செலுத்தினார். தமிழ்ச் சபைகளின் சாட்சி மொழியில் சொல்வதானால், அவர் இரட்சிக்கப்பட்ட தேதி அது.

அதற்குப் பின் நடந்ததுதான் எண்ணிப்பார்க்கத்தக்கது. அதே ஆண்டில் அவர் ஓர் அடிமைக் கப்பலில் துணை மாலுமித் தலைவராகச் சேர்ந்தார். 1750 முதல் 1754 வரை 'டியூக் ஆஃப் ஆர்கைல்', 'ஆப்பிரிக்கன்' என்னும் கப்பல்களுக்குத் தலைவராக, மும்முறை ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை விலைக்கு வாங்கிச் சங்கிலியிட்டு அட்லாண்டிக்கைக் கடந்து மேற்கிந்தியத் தீவுகளில் விற்றார். ஞாயிறுதோறும் மாலுமிகளைக் கூட்டித் தொழுகை நடத்தினார், வேதத்தைப் படித்தார், தம் மனைவி மேரிக்குக் கனிவும் பக்தியும் நிறைந்த கடிதங்கள் எழுதினார். அதே கையால் எழுதிய கப்பல் நாட்குறிப்பில், கலகம் செய்யத் திட்டமிட்டதாக ஐயுற்ற அடிமைச் சிறுவர்களின் கட்டைவிரல்களை நசுக்கும் இரும்புக் கருவியில் பூட்டி உண்மையைக் கக்கவைத்த செய்தியையும் பதிவு செய்தார். 1754இல் திடீரென வலிப்பு கண்டதால்தான் அவர் கடலை விட்டார். மனச்சான்று உறுத்தியதால் அன்று. சிறைக்காவலன் வேலையைப் போன்ற அப்பணி தமக்கு வெறுப்பாயிருந்ததாகவும், வேறு தொழில் கிடைக்க மன்றாடியதாகவும் அவர் 1764இல் வெளியான தன்வரலாற்றில் எழுதினாலும், அவ்வணிகம் முறையானதா என்ற ஐயம் அக்காலத்தில் தமக்கு எழுந்ததேயில்லை என்பதையும் அதிலேயே ஒப்புக்கொள்கிறார்.

1748இல் அவர் பெற்றது பொய்யான அனுபவம் என்று சொல்லிவிட்டால் இச்சிக்கல் எளிதாகத் தீர்ந்துவிடும். அவ்வாறு தீர்ப்பது நேர்மையாகாது. சபித்துத் தெய்வ நிந்தனை செய்வதை அவர் அன்றே விட்டார், ஜெபத்தைத் தொடங்கினார், பின்னோக்கிப் பார்க்கையில், முழுப் பொருளில் அப்போது தாம் விசுவாசியாக இருந்ததாகக் கருத முடியவில்லை என்று எழுதினாலும், கடவுள் தம்மைப் பிடித்துக்கொண்டது அந்நாளில்தான் என்பதை அவர் ஒருபோதும் மறுக்கவில்லை. கொடை உண்மையானது, கொடுத்தவரிடத்தில் குறையில்லை. நாவும் ஓய்வுநாளும் தனிமையும் திருமண அன்பும் அக்கொடைக்குத் திறந்துவிடப்பட்டன. வயிறு வளர்த்த தொழில் மட்டும் திறக்கப்படவில்லை. சமூகம் முழுவதும் முறையானதென்று ஏற்றிருந்த தொழிலாதலால், அங்கே ஒரு கதவு இருப்பதே அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒருவர் மறைத்துச் செய்யும் பாவத்தை அவருடைய மனச்சான்றே சுட்டிவிடும். அவர் வாழும் சமூகம் பாவமென்றே அறியாததை அவருடைய தனிப்பட்ட ஜெபம் எளிதில் சுட்டுவதில்லை.

1764இல் இங்கிலாந்துத் திருச்சபையின் குருவாகி ஓல்னி என்ற சிற்றூரில் பணியேற்ற நியூட்டன், பலரும் லேஸ் பின்னிப் பிழைத்த தம் எளிய சபையாருக்காக வாரந்தோறும் பாட்டுகள் இயற்றினார். கிருபையைப் புகழும் அவருடைய உலகப் புகழ்பெற்ற பாட்டு, தாவீதின் நன்றி ஜெபம் அடங்கிய முதலாம் நாளாகமப் பகுதியை ஒட்டிய புத்தாண்டுச் செய்திக்காக எழுதப்பட்டு 1773 ஜனவரி 1 அன்று முன்வைக்கப்பட்டது. அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்ற மக்களின் வழித்தோன்றல்கள் இன்று தங்கள் விடுதலைப் பாட்டாக அதைப் பாடுகின்றனர். ஆனால் அது எழுதப்பட்ட நாளில் அதன் ஆசிரியர் அடிமை வணிகத்துக்கு எதிராக வெளிப்படையாக ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை. அதற்கு இன்னும் பதினைந்து ஆண்டுகள் இருந்தன. பாடியவரின் புரிதலைவிடப் பாடப்பட்ட கிருபை பெரிதாயிருந்தது என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம்.

அந்தப் பதினைந்து ஆண்டுகளில் அவரைத் தொட்டவர்கள் பலர். குவேக்கர் எனப்படும் நண்பர் சபையார் நெடுநாளாக அடிமை முறையைக் கண்டித்துவந்தனர். மெதடிஸ்டு இயக்கத்தின் தலைவர் ஜான் வெஸ்லி 1774இல் அதற்கு எதிராக நூல் எழுதினார். 1785 இறுதியில் வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் என்ற இளம் நாடாளுமன்ற உறுப்பினர், தாம் புதிதாய்க் கண்டடைந்த விசுவாசத்தால் அரசியலைத் துறக்க வேண்டுமோ என்ற குழப்பத்தோடு ஆலோசனை கேட்டு வந்தபோது, துறக்காமல் அங்கேயே நின்று கடவுளுக்குப் பணிசெய்யும்படி நியூட்டன் ஊக்கினார். அந்த இளைஞர் முன்னெடுத்த அடிமை வணிக ஒழிப்புப் போராட்டமே பிறகு முதியவரின் வாயைத் திறந்தது. 1788இல் ஆப்பிரிக்க அடிமை வணிகம் குறித்து அவர் வெளியிட்ட சிறுநூல், தாம் முன்பு செய்தவற்றை மறைக்காமல் விவரித்து, காலந்தாழ்ந்த அறிக்கை என்று தாமே வருந்தி, வெட்கத்தோடு அளித்த சாட்சியம். அரசவைக் குழுவின் முன்னும் நாடாளுமன்றக் குழுவின் முன்னும் சென்று, கப்பலின் அடித்தளத்தில் மனிதர்கள் அடுக்கப்பட்ட விதத்தை அவர் எடுத்துரைத்தார். புயல் வீசிய நாளிலிருந்து அச்சிறுநூல் வரை நாற்பது ஆண்டுகள். அக்கொடை அவர் வாழ்வின் கடைசி மூலையைச் சென்றடைய அவ்வளவு காலம் பிடித்தது. சென்றடைந்ததற்குக் காரணம் அவருடைய தனி ஜெபம் மட்டுமன்று, பிற விசுவாசிகள் அவர்முன் வைத்த கேள்வியும் ஆகும். பிரிட்டிஷ் அடிமை வணிகத்தை ஒழிக்கும் சட்டம் 1807 மார்ச்சில் நிறைவேறியது. அதே ஆண்டு டிசம்பரில் அவர் இறந்தார்.

ஓல்னியில் நியூட்டனின் அண்டை வீட்டுக்காரராகவும் நெருங்கிய நண்பராகவும் பாட்டு இயற்றுவதில் துணைவராகவும் இருந்த கவிஞர் வில்லியம் கூப்பரின் வாழ்வு, ஏற்றல் என்ற இப்பொருளுக்கு வேறொரு முகத்தைக் காட்டுகிறது. கடும் மனச்சோர்வு நோயால் தற்கொலைக்கு முயன்று, மனநோய் இல்லத்தில் சேர்க்கப்பட்டு, அங்கே 1764இல் ரோமருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தை வாசிக்கையில் மன்னிப்பின் மகிழ்ச்சியை அடைந்தவர் அவர். ஆனால் 1773இன் தொடக்கத்தில், அதாவது கிருபையைப் பற்றிய அப்பாட்டு பிறந்த அதே நாட்களில், நோய் மீண்டும் தாக்கியது. கடவுள் தம்மை முற்றாகக் கைவிட்டுவிட்டார் என்ற கனவொன்று கண்டார். அதன்பின் 1800இல் இறக்கும்வரை, எல்லார்க்கும் உண்டான இரட்சிப்பு தமக்கு மட்டும் இல்லை என்ற உறுதியிலிருந்து அவர் மீளவேயில்லை. ஆலயத்துக்குச் செல்வதையும் விட்டார். நியூட்டன் அவரைக் கண்டிக்கவில்லை. அவிசுவாசி என்று ஒதுக்கவும் இல்லை. ஓராண்டுக்கும் மேலாகத் தம் இல்லத்திலேயே வைத்துப் பேணினார். லண்டனுக்கு மாறிச் சென்ற பின்னும் கடிதங்களால் நட்பைக் காத்தார்.

தமக்கு இல்லையென்று கூப்பர் நம்பிய அந்தக் கொடை அவருடைய நாட்களில் செயலற்றுக் கிடந்ததாகத் தெரியவில்லை. ஏழைகளுக்கு உதவி திரட்டினார். அடிமைகளின் துயரத்தைப் பாடும் கவிதைகளை 1788இல் எழுதி ஒழிப்பு இயக்கத்துக்கு வலிமை சேர்த்தார். சிறு உயிர்களிடத்தும் அவர் காட்டிய பரிவு அவருடைய எழுத்துகளில் நிறைந்திருக்கிறது. இரட்சிப்பின் நிச்சயம், அதாவது தாம் கடவுளால் ஏற்கப்பட்டோம் என்ற உள்ளுணர்வு, பல சபைகளில் இரட்சிப்பாகவே கொள்ளப்படுகிறது. உணர்வை ஈவு என்று கொண்டால், உணர்வு வற்றும் நாளில் ஈவும் பறிபோனதாக அஞ்ச நேரும். மனச்சோர்வு நோயால் துன்புறுவோரை விசுவாசக் குறைவு உடையோர் என்றும், இரகசியப் பாவம் உடையோர் என்றும், பிசாசின் பிடியில் உள்ளோர் என்றும் கடிந்து, மருத்துவத்தை நிறுத்தச் சொல்லும் ஊழியர்கள் இன்றும் இருக்கின்றனர். அவர்கள் செய்வது பெருங்கொடுமை. நோயுற்றவரின் கை கொடையைப் பிடித்திருக்க வலுவற்றுப் போனாலும் கொடுத்தவரின் கை தளர்வதில்லை என்பதே நற்செய்தி. அவர் சார்பாக நம்பவும், அவரோடு மருத்துவரிடம் செல்லவும், பதில் எதிர்பாராமல் அவரருகே அமர்ந்திருக்கவும் சபை கடமைப்பட்டுள்ளது. தனிமனிதர் சிலவேளை தாமாக ஏற்க இயலாததை அவருக்காகச் சபை ஏற்று வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கொடையைப் பற்றிய இந்தியச் சட்டத்திலும் இதற்கு ஒப்புமை காணலாம். 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 122ஆம் பிரிவின்படி, தானமாகக் கொடுக்கப்படும் சொத்தைப் பெறுபவரோ அவர் சார்பில் ஒருவரோ ஏற்றுக்கொண்டால்தான் தானம் நிறைவேறும். 127ஆம் பிரிவு இன்னும் நுட்பமானது: ஒரே தானத்தில் பல பொருள்கள் அடங்கி, அவற்றுள் ஒன்றில் மட்டும் ஒரு கடப்பாடு சுமத்தப்பட்டிருந்தால், பெறுபவர் முழுவதையும் ஏற்க வேண்டும், சுமையுள்ளதை விலக்கிச் சுமையற்றதை மட்டும் எடுத்துக்கொள்ள அவருக்கு வழியில்லை. சட்டத்தின் தருக்கத்தை அப்படியே கிருபையின்மேல் ஏற்றுவது கூடாது. கடவுள் நியூட்டனை நாற்பது ஆண்டுகள் பொறுத்ததுபோல எந்த நீதிமன்றமும் பொறுப்பதில்லை. ஆயினும் மன்னிப்பும் சமாதானமும் நித்திய வாழ்வும் ஒருபுறமும், அயலாரை ஏற்கும் கடமை மறுபுறமும் ஒரே பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கின்றன என்பதில் புதிய ஏற்பாட்டுக்கு ஐயமில்லை.

தமிழ் மண்ணில் அந்தப் பத்திரத்தின் எந்த வரி ஏற்கப்படாமல் எஞ்சியது என்பதற்கு வரலாற்றுச் சான்று ஏராளம். 1706இல் புராட்டஸ்டண்ட் மிஷனரிகளான சீகன்பால்கும் புளுச்சாவும் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். 1707இல் முதல் திருமுழுக்குகள் நடந்தன. 1718இல் புதிய எருசலேம் ஆலயம் எழுந்தது. திருமுழுக்குப் பெற்றோர் ஒரே கர்த்தரை அறிக்கையிட்டனர், ஆனால் சாதிவாரியாகப் பிரிந்தே அமர்ந்தனர். தஞ்சை மன்னரின் படையில் பணியாற்றியவரும், வேதத்தை வாசித்து அதனால் ஈர்க்கப்பட்டு மிஷனை நாடி வந்தவரும், துன்பங்களுக்கு நடுவே தஞ்சைப் பகுதியில் சபைகளை வளர்த்தவருமான உபதேசியார் ராஜநாயக்கன் குருப்பட்டத்துக்குத் தகுதியானவர் என்பதில் மிஷனரிகளுக்கு ஐயமிருக்கவில்லை. 1733இல் வெள்ளாளரான ஆரோன் தமிழர்களில் முதல் புராட்டஸ்டண்ட் குருவாகப் பட்டம் பெற்றார். பறையர் சமூகத்தில் பிறந்த ராஜநாயக்கனுக்கோ, அவர் கையால் திருவிருந்து பெற உயர்சாதிக் கிறிஸ்தவர் மறுப்பர் என்பதால், அப்பட்டம் இறுதிவரை கிடைக்கவில்லை. கிறிஸ்துவின் சரீரமென்று விசுவாசிக்கப்பட்ட அப்பத்தை ஏற்க நீண்ட கை, அதைத் தரும் கை யாருடையது என்று பார்த்துப் பின்வாங்கியது. கொடையில் பாதியை மட்டும் ஏற்பது என்பதற்கு இதனினும் துல்லியமான காட்சி வேறில்லை.

ஒரு நூற்றாண்டு கழித்து, 1833இல், கல்கத்தா பேராயர் டானியேல் வில்சன் தென்னிந்தியச் சபைகளுக்கு அனுப்பிய சுற்றுமடலில், ஆலயத்துக்குள்ளும் திருவிருந்திலும் சாதி வேற்றுமை உடனடியாகவும் முற்றாகவும் கைவிடப்பட வேண்டும் என ஆணையிட்டார். இளவயதில் தம் ஆன்மாவைக் குறித்துக் கலங்கி நின்றபோது முதியவர் நியூட்டனிடம் சென்று ஆலோசனை பெற்றவர் இந்த வில்சன். தாம் சமூகத்தில் முறையானதாகக் கண்டதைக் கிருபையின் ஒளியில் பாவமென்று அறிக்கையிட நாற்பது ஆண்டுகள் எடுத்துக்கொண்ட ஒருவரின் சீடர், தமிழ்க் கிறிஸ்தவர்களிடம் அதையே கேட்டார் எனலாம். வேப்பேரியிலும் தஞ்சையிலும் மடல் வாசிக்கப்பட்டபோது பலர் விலகினர். அவர்களில் கணிசமானோர் பின்னர், சாதியைப் பொறுத்தவரை மென்மையான அணுகுமுறை கொண்டிருந்த லைப்சிக் லுத்தரன் மிஷனில் சேர்ந்தனர். அவர்கள் தரப்பு வாதத்தையும் நியாயத்தோடு கேட்க வேண்டும். சாதி என்பது குடிமை வழக்கமேயன்றிச் சமயக் கோட்பாடன்று என்று தஞ்சைக் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் உள்ளிட்டோர் உண்மையாகவே நம்பினர். தங்கள் நாட்டின் வர்க்க வேற்றுமைகளைக் கைவிடாத ஐரோப்பியர் தமிழரின் வழக்கத்தை மட்டும் அழிக்க வருவதாக அவர்கள் கருதியதிலும் உண்மை இருந்தது. ஆனால் ராஜநாயக்கனின் முன்னால் நின்று இவ்வாதத்தைச் சொல்லிப்பார்த்தால் அது நிற்பதில்லை. ஒரு வழக்கம் குடிமை வழக்கமா சமயக் கோட்பாடா என்பதை அதனால் பயன்பெறுவோர் தீர்மானிக்கக் கூடாது. அப்பந்தியில் இடம் மறுக்கப்பட்டவரே தீர்மானிக்க வேண்டும்.

லூக்கா பத்தொன்பதாம் அதிகாரத்தில் வரும் சகேயுவின் வீட்டில் நிகழ்ந்ததை இவ்விடத்தில் நினைப்பது பொருந்தும். வரி வசூலிப்போர் தலைவனான அவனிடம் இயேசு எந்த நிபந்தனையும் விதிக்கவில்லை. ஊரார் முணுமுணுக்க, அவன் வீட்டில் தங்க வேண்டும் என்று மட்டும் கூறினார். ஏற்கப்பட்ட பிறகே அவன் எழுந்து நின்று, சொத்தில் பாதியை ஏழைகளுக்கும், அநியாயமாய் வாங்கியதை நான்கு மடங்காக இழந்தோர்க்கும் கொடுப்பதாகச் சொல்கிறான். அவன் இரட்சிப்பை விலைகொடுத்து வாங்கவில்லை. அது முந்தியே வாசலுக்குள் நுழைந்துவிட்டது. நுழைந்ததும் அது நேராகச் சென்று அமர்ந்த இடம் அவன் கணக்குப் புத்தகம். அன்று இரட்சிப்பு அவனுக்கு என்று மட்டுமன்றி அவன் வீட்டுக்கே வந்தது என இயேசு அறிவித்ததில், அன்றாட வாழ்வில் கொடையை ஏற்பது எப்படி என்பதற்கான முழு விளக்கமும் அடங்கியிருக்கிறது. வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்குத் தனி டம்ளர் வைக்கும் குடும்பத்தில், கூலியைத் தாமதித்துக் கொடுக்கும் முதலாளியிடத்தில், பாகப்பிரிவினையில் உடன்பிறந்தவளின் பங்கை மறைக்கும் சகோதரனிடத்தில், கிறிஸ்தவ மணமகள் தேவை என்று விளம்பரம் எழுதி அதன் அடியில் சாதியையும் குறிப்பிடும் பெற்றோரிடத்தில், காலை ஜெபம் தவறாமல் நடந்துகொண்டிருக்கலாம். அந்த ஜெபத்தைக் கடவுள் தள்ளிவிடுவதாகவும் யாரும் சொல்ல முடியாது. நியூட்டனின் கப்பலில் ஞாயிறுதோறும் நடந்த ஜெபமும் உண்மையான ஜெபமே. அடித்தளத்தில் கிடந்தவர்களை அந்த ஜெபம் எட்டியதா என்பதே கேள்வி.

எனவே, எப்போது இரட்சிக்கப்பட்டீர்கள் என்று கேட்கும் சபைகள் அதைக் கேட்பதை நிறுத்த வேண்டியதில்லை. அதனோடு, அந்த இரட்சிப்பு இதுவரை எங்கே சென்று சேரவில்லை என்ற இரண்டாவது கேள்வியையும் கேட்கப் பழக வேண்டும். இக்கேள்வி ஒருவரைக் குற்றவாளியாக்குவதற்காகக் கேட்கப்படுவதன்று. ஏற்கெனவே ஏற்கப்பட்டவரிடம் மட்டுமே இதைக் கேட்க முடியும், ஏற்கப்பட்டோம் என்று அறிந்தவரால் மட்டுமே இதற்கு அஞ்சாமல் விடைசொல்லவும் முடியும். விடையைத் தேடித் தொலைவு செல்லவும் வேண்டாம். இறந்தோரின் உடல் உயிர்த்தெழும் என்ற ஒரே நம்பிக்கையோடு புதைக்கப்பட்டோரைச் சாதிவாரியாகப் பிரித்துக் காட்டும் கல்லறைத் தோட்டங்கள் தமிழகத்தில் இன்றும் உள்ளன. அத்தகைய தோட்டத்தை உடைய ஒவ்வொரு சபையும், கத்தோலிக்கமாயினும் புராட்டஸ்டண்ட் ஆயினும், அடுத்த நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளுக்கு முன் அந்தப் பிரிவினையை அகற்றுவதென்று தன் சபைக் கூட்டத்தில் தீர்மானம் எழுதி நிறைவேற்ற வேண்டும்.